பாப்பிப் பூ குத்தணுமா, வேண்டாமா? நவம்பரில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

அக்டோபர் கடைசி வாரம் வந்தால் போதும், பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் புதிதாக வேலைக்கு வந்தவர்களிடமும் ஒரே சந்தேகங்கள் சுற்றத் தொடங்கிவிடும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, நேரான பதில்களைத் தொகுத்திருக்கிறோம். சட்டம் பற்றிய பதில்கள் பொதுவானவை. வேலையிடத்தில் சிக்கல் முற்றினால், வேலைத் தகராறுகளுக்கு ஆலோசனை தரும் ஏகாஸ் அமைப்பின் இலவச உதவி எண்ணையோ உங்கள் தொழிற்சங்கத்தையோ கேளுங்கள்.

எல்லாரும் சட்டையில சிவப்பா ஒரு பூ குத்திக்கிட்டுப் போறாங்களே, அது என்ன?

பாப்பி. போரில் இறந்த படைவீரர்களின் நினைவாகக் குத்தும் காகிதப் பூ. முதல் உலகப் போரில் பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் குண்டுகள் உழுது போட்ட நிலத்தில் இந்தக் காட்டுப் பூதான் முதலில் முளைத்தது. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். மண் புரண்டு வெளிச்சம் பட்டால் முளைக்கும். நம் சமையலறைக் கசகசா இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். அது வேறு செடி. கனடாவின் ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே 1915 மே மாதம் ஈப்ரு நகரருகே நண்பரைப் பறிகொடுத்த பின் எழுதிய கவிதைதான் பூவைப் பிரபலமாக்கியது. மொய்னா மைக்கேல் என்ற அமெரிக்க ஆசிரியை 1918-இல் அதைக் குத்தத் தொடங்கினார். அன்னா கெரான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1921-இல் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார்.

அந்த ஆண்டுதான் முன்னாள் படைவீரர்களுக்கான பிரிட்டிஷ் லீஜியன் தொடங்கியது. (பெயரின் முன் 'ராயல்' என்பது பிற்காலத்தில் ஒட்டியது.) முதல் பாப்பி நாளான 1921 நவம்பர் 11-இல் சுமார் 90 லட்சம் பூக்கள் விற்றுத் தீர்ந்து, ஒரு லட்சத்து ஆறாயிரம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அடுத்த ஆண்டே, காயம்பட்டுத் திரும்பிய வீரர்கள் ஐந்து பேரைக் கொண்டு லண்டனில் பூ செய்யும் பட்டறை தொடங்கியது.

எப்போ குத்தணும், எப்போ கழட்டணும்? நவம்பர் 11-ஆ, ஞாயிற்றுக்கிழமையா?

இரண்டும் உண்டு. நவம்பர் 11 போர்நிறுத்த நாள்: 1918-இல் அன்று காலை 11 மணிக்குத்தான் மேற்கு முனையில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. நினைவு ஞாயிறு என்பது நவம்பரின் இரண்டாவது ஞாயிறு. 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் இடையே எங்காவது விழும். லண்டன் ஒயிட்ஹாலில் மன்னர் மலர்வளையம் வைக்கும் பெரிய நிகழ்ச்சி ஞாயிறன்றுதான்.

லீஜியனின் நிதி திரட்டல் அக்டோபர் கடைசியில் தொடங்கும். அதிலிருந்து, இந்த இரண்டு நாட்களில் எது பின்னால் வருகிறதோ அதுவரை குத்துவது வழக்கம். முன்கூட்டிக் குத்தினால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. டிசம்பரில் குத்தியிருந்தால் மறந்துவிட்டீர்கள் என்று நினைப்பார்கள்.

இடப் பக்கமா வலப் பக்கமா? இலை 11 மணியைக் காட்டணும்னு வாட்ஸாப்பில் வந்ததே?

அந்த வாட்ஸாப் செய்தி ஒவ்வோர் ஆண்டும் வரும். ஆண் இடம், பெண் வலம், இலை கடிகார முள் மாதிரி 11-ஐக் காட்டணும் என்பதெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்ட கதைகள். சரியான முறை, தவறான முறை என்று எதுவும் இல்லை என்று லீஜியனே சொல்கிறது. இதயப் பக்கம், பதக்கம் குத்தும் பக்கம் என்பதால் பெரும்பாலோர் இடப் பக்கம் குத்துகிறார்கள், அவ்வளவுதான். ஸ்காட்லாந்துப் பூவில் இலையே கிடையாது, நான்கு இதழ்; அங்கே 11 மணிப் பிரச்சினையே எழாது.

பெரிய பிரச்சினை பூ விழுந்துவிடுவதுதான். காம்பைப் பொத்தான் துளையில் செருகி விட்டுவிட்டால் ரயிலில் ஏறி இறங்குவதற்குள் காணாமல் போகும். ஊசியைத் துணிக்குள் விட்டு, காம்பின் மேலாக எடுத்து, மறுபடி துணிக்குள் இறக்குங்கள். முனை வெளியே நீட்டாதபடி உட்பக்கம் படியட்டும். தோளில் பை மாட்டுபவர்கள் பை வாரின் எதிர்ப் பக்கம் குத்துவது நல்லது. பட்டுப் புடவையில் நேராகக் குத்தினால் இழை ஓடிவிடும். முந்தானை மடிப்பை ஏற்கனவே பிடித்திருக்கும் ஊக்கிலேயே பூவையும் கோத்துவிடுங்கள், அல்லது பின்னால் மூடியுள்ள உலோகப் பாப்பியை வாங்குங்கள். உணவுத் தொழிற்சாலை, மருத்துவமனை வார்டு, குழந்தைகள் காப்பகம் ஆகிய இடங்களில் ஊசிக்குத் தடை இருக்கும். அங்கே ஒட்டும் பூ இருக்கிறதா என்று கேளுங்கள்.

விலை எவ்வளவு? காசு யாருக்குப் போகுது?

காகிதப் பூவுக்கு விலை இல்லை. பெட்டியில் போடுவது நன்கொடை. 20 பென்ஸும் போடலாம், 20 பவுண்டும் போடலாம். உலோகப் பூ, சால்வை போன்றவற்றுக்கு மட்டும் விலை உண்டு. பணம் பணியிலுள்ள, ஓய்வுபெற்ற படையினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவி செய்யப் போகிறது. போரை நடத்தவோ ஆயுதம் வாங்கவோ போவதில்லை. ஆனால் உதவி இரண்டு உலகப் போர்களின் வீரர்களோடு நின்றுவிடுவதில்லை. அயர்லாந்து, இராக், ஆப்கானிஸ்தான் என்று எங்கே பணியாற்றியவர்களுக்கும் சேரும். இந்தத் தகவலை நினைவில் வையுங்கள், கீழே அயர்லாந்துக் கேள்வியில் தேவைப்படும்.

இணையச் சந்தைகளில் போலி பாப்பிகள் ஏராளம். லீஜியனின் சொந்தக் கடையிலோ, அடையாள அட்டை போட்டு முத்திரையிட்ட பெட்டியோடு நிற்பவரிடமோ வாங்கினால் காசு சேர வேண்டிய இடத்தில் சேரும்.

குத்தலேன்னா சட்டப்படி தப்பா?

இல்லை. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. பூவை விற்கும் லீஜியனின் நிலைப்பாடே இதுதான்: குத்துவதும் குத்தாததும் தனிமனிதர் விருப்பம், வற்புறுத்துவது நினைவுகூர்தலின் உணர்வுக்கே எதிரானது. 'அவர்களே கேட்காத கட்டாயத்தை நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்' என்று ஒருவரிடம் சொல்ல வேண்டிய நிலை வந்தால் இது உதவும்.

குத்தாமல் இருப்பது வேறு, இழிவு செய்வது வேறு. 2010 நவம்பர் 11 அன்று லண்டனில் மௌன நேரத்தில் பெரிய பாப்பிகளை எரித்த ஒருவருக்குப் பொது ஒழுங்குச் சட்டப்படி 50 பவுண்டு அபராதம் விழுந்தது.

மேனேஜர் நேரடியா "எங்கே உன் பாப்பி?"ன்னு கேட்டா என்ன சொல்றது?

பெரும்பாலும் அது 'வாங்க மறந்துட்டியா, என்கிட்ட ஒண்ணு இருக்கு' என்ற பொருளில் வருகிற கேள்விதான். முதல் தடவையே விவாதத்துக்கு இறங்க வேண்டாம். 'ஐ ரிமெம்பர் இன் மை ஓன் வே' என்று சிரித்த முகத்தோடு ஒரே வரி. காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. 'மறந்துட்டேன்' என்று பொய் சொன்னால் நாளைக்கு மேசை மேல் ஒரு பூ காத்திருக்கும்.

வற்புறுத்தல் தொடர்ந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் குறித்து வையுங்கள். போரை எதிர்க்கும் கொள்கை, யெகோவாவின் சாட்சிகளின் மத நம்பிக்கை போன்றவை காரணமாகக் குத்தாதவர்களைத் தண்டித்தால் அது 2010 சமத்துவச் சட்டத்தின் கீழ் பாகுபாடு என்ற வாதத்துக்கு இடமுண்டு. 2009-இல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு, பாதுகாக்கப்படக்கூடிய தத்துவ நம்பிக்கைக்குப் போர் மறுப்பையே எடுத்துக்காட்டாகச் சொன்னது.

அப்போ குத்தறவங்களுக்கு உரிமை இல்லையா? எங்க கம்பெனியில எந்த பேட்ஜும் கூடாதாம்.

இங்கே பலர் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது. முன்னாள் படைவீரர் ஒருவர் பாப்பி குத்த விடவில்லை என்று வழக்குப் போட்டார். நவம்பர் தொடக்கத்தில் பாப்பி குத்தி மரியாதை செலுத்த வேண்டும் என்ற நம்பிக்கை, சட்டம் பாதுகாக்கும் தத்துவ நம்பிக்கை ஆகாது என்று 2011-இல் வேலைத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. அதாவது எல்லா பேட்ஜுக்கும் பொதுவாகத் தடை போடும் நிறுவனத்தைச் சட்டத்தால் மடக்குவது கடினம்.

சட்டம் இடம் தருகிறது என்பதற்காக அப்படிச் செய்வது புத்திசாலித்தனம் ஆகாது. எங்கள் பார்வையில் குத்துபவரைத் தடுப்பதும், குத்தாதவரைத் துரத்துவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். பாதுகாப்புக் காரணம் இல்லாத இடத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு காகிதப் பூவை அனுமதித்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

வெள்ளைப் பாப்பி குத்தினவரைப் பார்த்தேன். அது சிவப்புக்கு எதிர்க்கட்சியா?

அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். 1933-இல் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது அது. அதன் உறுப்பினர்களில் பலர் முதல் போரில் கணவனை, மகனை, அண்ணன் தம்பியை இழந்தவர்கள். 'இன்னொரு போர் வேண்டாம்' என்பதையும் சேர்த்துச் சொல்ல ஒரு பூ வேண்டும் என்று நினைத்தார்கள். இப்போது பீஸ் பிளெட்ஜ் யூனியன் என்ற அமைப்பு அதை விநியோகிக்கிறது. அதன் பொருள் மூன்று: எந்த நாட்டவரானாலும், படையினரானாலும் பொதுமக்களானாலும் போரில் இறந்த எல்லோரையும் நினைப்பது, அமைதிக்கு உறுதி எடுப்பது, போரைப் பெருமைப்படுத்துவதை எதிர்ப்பது.

மூன்றாவதுதான் சிலரைச் சுடுகிறது. 1986-இல் பிரதமர் தாட்சர் நாடாளுமன்றத்திலேயே வெள்ளைப் பூ மீது தன் வெறுப்பைச் சொன்னார். லீஜியனோ தனக்கு ஆட்சேபம் இல்லை என்கிறது. தங்கள் பெட்டியோடு கலந்து வைத்து வாங்குபவரைக் குழப்பாதீர்கள் என்று மட்டும் கேட்கிறது. நியாயமான கோரிக்கை, ஏனென்றால் வெள்ளைப் பூவின் காசு முன்னாள் வீரர்களுக்குப் போவதில்லை. இன்னொரு விஷயம்: இறந்த பொதுமக்களையும் நினைக்கிறோம் என்று லீஜியனும் இப்போது தன் விளக்கத்தில் சேர்த்துக்கொண்டுள்ளது. அந்த ஒரு வேறுபாடு முன்பிருந்த அளவுக்கு இன்று இல்லை.

சிவப்பும் வெள்ளையும் சேர்த்துக் குத்தலாமா? ஊதா, கறுப்பு எல்லாம் வேற இருக்கே?

சேர்த்துக் குத்துபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லத் தயாராக இருங்கள். ஊதா, போரில் இறந்த விலங்குகளுக்கு: 2006-இல் ஒரு விலங்குநல அமைப்பு தொடங்கி, 2015-இல் பாதச் சுவடு பேட்ஜாக மாற்றியது. கறுப்பு, போர்களில் பங்கேற்ற ஆப்பிரிக்க, கரீபிய மக்களை நினைக்க 2010-இல் வந்தது. கதர் பாப்பியும் உண்டு. அது பின்னால் வருகிறது.

நாங்கள் சண்டைக்குள்ள இருந்து தப்பி வந்தனாங்கள். ஆமிக்காரர் எண்டாலே நெஞ்சு பதறும். பூ குத்தாட்டி நன்றி கெட்டதுகள் எண்டு நினைப்பினமோ?

அடைக்கலம் தந்த நாட்டுக்கு நன்றி காட்டும் ரசீது இல்லை இந்தப் பூ. சீருடையைக் கண்டால் பதறும் நெஞ்சோடு ஒருவர் விலகி நின்றால் அதில் அவமரியாதை ஏதும் கிடையாது. இந்த நாட்டுக்காகவே சண்டை போட்டவர்களும் பூவைக் கழற்றியிருக்கிறார்கள்: இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்த ஹாரி லெஸ்லி ஸ்மித், இறந்த தோழர்களின் பெயரால் புதிய போர்களுக்கு நியாயம் தேடுகிறார்கள் என்று வருந்தி, 2013-தான் தான் பாப்பி குத்தும் கடைசி ஆண்டு என்று எழுதினார். அவரை நன்றிகெட்டவர் என்று யார் சொல்ல முடியும்?

நடைமுறையில் கவனிக்க வேண்டியது சத்தம். நவம்பர் 5 வாணவேடிக்கை போதாதென்று, சில ஊர்களில் மௌனத்தின் தொடக்கத்தையும் முடிவையும் வெடி வெடித்து அறிவிப்பார்கள். லண்டனில் பீரங்கி முழங்கும். ஷெல்லடி நினைவு உள்ள அம்மா, அப்பா வீட்டில் இருந்தால் உள்ளூர் கவுன்சில் அறிவிப்பைப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவையுங்கள். காலை 10:55 முதல் 11:05 வரை ஜன்னலை மூடிப் பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும்.

எங்க கடையில ரெண்டு நிமிஷ மௌனம் நடத்தணும்னு ஓனர் சொல்றார். எப்படிச் செய்யறது?

1919-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கேட்டுக்கொண்டதிலிருந்து வரும் வழக்கம் இது. செய்வது சுலபம், சொதப்புவதும் சுலபம். முந்தைய நாளே கதவிலும் கல்லாவிலும் ஒரு தாள் ஒட்டுங்கள். 'கலந்துகொள்வது உங்கள் விருப்பம்' என்ற வரி அதில் இருக்கட்டும். கலந்துகொள்ள விரும்பாத பணியாளர் அந்த நேரம் ஸ்டோர் ரூமில் இருக்கலாம் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். அன்று காலை தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் அதுவே ஒரு பரீட்சையாகிவிடும்.

10:55-க்கு வானொலியை அணையுங்கள். 10:59-க்கு ஒருவர் அறிவிக்கட்டும். 11:00-க்குத் தொடங்கி 11:02-க்கு 'தேங்க் யூ' என்று முடிக்கவும். நேரம் பார்க்க ஒரே ஒரு செல்போன். சுவர்க் கடிகாரத்தை நம்பினால் பாதிப் பேர் 10:58-க்கே தலை குனிவார்கள். லாஸ்ட் போஸ்ட் ஊதுகுழல் இசையை முன்னால் ஒலிபரப்புவதானால் அது ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும், அதற்கேற்ப முன்னதாகத் தொடங்குங்கள்.

கெடுப்பவை எப்போதும் இவைதான்: வாராந்தர தீயணைப்பு மணிச் சோதனை அந்த நேரத்தில் விழுவது, செல்ஃப் செக்அவுட் இயந்திரம் பேசுவது, பாதியில் உள்ளே வரும் வாடிக்கையாளர். கதவைப் பூட்டாதீர்கள். வருபவரைக் கண்டிக்காதீர்கள், கையைக் காட்டினால் போதும். அடுப்பில் எண்ணெய் கொதிக்கும் சமையலறையில் யாரும் கண் மூடி நிற்க வேண்டாம். அவர்கள் வேலையைத் தொடரட்டும்.

பள்ளிக்கூடத்துல பாப்பி விக்கறாங்க. என் பையன் மட்டும் குத்தாமப் போனா ஒதுக்குவாங்களே? அசெம்ப்ளிக்கு அனுப்பாம இருக்கலாமா?

குழந்தையிடமே கேளுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பூ அழகாக இருக்கிறது, நண்பன் குத்தியிருக்கிறான், அவ்வளவுதான். பெரியவர்களின் அரசியலை அதன் சட்டையில் ஏற்ற வேண்டியதில்லை. குத்தச் சொல்லியும் சரி, குத்தாதே என்றும் சரி. பதின்ம வயதில் தானாக ஒரு முடிவுக்கு வந்தால், அது உங்கள் முடிவுக்கு நேர்மாறாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். சிறுவர்களுக்கு ஊசிக்குப் பதில் கைப்பட்டை, ஒட்டும் பூ போன்றவை நல்லது. பணம் கொண்டுவராத பிள்ளை பூ இல்லாமல் நிற்கும்படி ஆகிறதா என்று ஆசிரியரிடம் கேட்பது தவறில்லை, ஏனென்றால் மேலே சொன்னபடி அது விலை இல்லாத பூ.

அசெம்ப்ளி விஷயத்தில் ஒரு நுணுக்கம். இங்கிலாந்தில் கூட்டு வழிபாட்டிலிருந்தும் சமயக் கல்வியிலிருந்தும் பிள்ளையை விலக்கப் பெற்றோருக்குச் சட்ட உரிமை உண்டு. நினைவு நிகழ்ச்சி ஜெபம், துதிப்பாடல் என்று வழிபாடாக நடந்தால் அந்த உரிமையைப் பயன்படுத்தலாம். வரலாற்றுப் பாடமாகவோ வெறும் மௌனமாகவோ நடந்தால் அந்த உரிமை பொருந்தாது. தலைமையாசிரியரிடம் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

கூட வேலை செய்யற ஐரிஷ்காரர் பூவைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பறார். ஏன் இவ்வளவு கோபம்?

காசு யாருக்குப் போகிறது என்ற பதிலுக்குத் திரும்பிப் போங்கள். 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெரி நகரில், ஊர்வலம் போன நிராயுதபாணிகள் மீது பிரிட்டிஷ் பாராசூட் படை சுட்டது. அன்றே 13 பேர் இறந்தார்கள். அந்த ஊர்க்காரரான கால்பந்து வீரர் ஜேம்ஸ் மெக்ளீன் பாப்பி பொறித்த சட்டையை அணிய மறுத்து, 2014-இல் தன் கிளப் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் காரணத்தை விளக்கினார்: இரண்டு உலகப் போர்களில் இறந்தவர்களுக்கு மட்டும் என்றால் அணிவேன், எங்கள் ஊரில் சுட்ட படையையும் சேர்த்துக் குறிப்பதால் முடியாது. பல ஆண்டுகள் மைதானம் மைதானமாக அவரை ஏசினார்கள்.

மறுபக்கமும் உண்டு. 1987 நவம்பர் 8, என்னிஸ்கில்லன் நகரில் நினைவு ஞாயிறுக்குக் கூடியிருந்தவர்கள் மத்தியில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதமேந்திய ஐஆர்ஏ வைத்த குண்டு வெடித்து 11 பேர் அன்று இறந்தார்கள். அந்த ஊர்க்காரருக்குப் பூவின் பொருள் வேறு. 2017-இல் அயர்லாந்துப் பிரதமர் லியோ வரத்கர், பாப்பியை ஐரிஷ் ஷாம்ராக் இலையோடு சேர்த்த பேட்ஜை அணிந்து நாடாளுமன்றம் வந்தார். உங்கள் சக ஊழியர் எந்தத் தெருவில் வளர்ந்தார் என்பது தெரியாமல் அவரிடம் பூ நீட்ட வேண்டாம்.

டிவியில வர்றவங்க எல்லாரும் குத்தியிருக்காங்களே. அப்போ எழுதாத கட்டாயம்தானே?

அழுத்தம் உண்மைதான். சேனல் 4 செய்தியாளர் ஜான் ஸ்னோ 2006-இல் திரையில் குத்த மறுத்து, இந்த அழுத்தத்துக்கு 'பாப்பி பாசிசம்' என்று பெயர் வைத்தார். கேமரா இல்லாத இடத்தில் குத்துவேன் என்றும் சொன்னார். விளையாட்டிலும் இதே இழுபறி. 2016-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கு அணிகளுக்கும் பாப்பிக்காக ஃபிஃபா அபராதம் போட்டது. அடுத்த ஆண்டு விதியையே மாற்றிவிட்டது. ஒரு வேடிக்கை: 2010 நவம்பரில் சீனா போன பிரதமர் கேமரன் குழுவிடம், அபினிப் போரை நினைவூட்டுகிறது (அபினி எடுப்பதும் ஒரு பாப்பிச் செடியில்தான்), கழற்றுங்கள் என்று சீன அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள். கேமரன் குழுவினர் கழற்றவில்லை.

நவம்பர் 27-க்கு கார்த்திகைப் பூ குத்துறனாங்கள். வேலையிடத்துக்கும் குத்திக்கொண்டு போகலாமோ?

பூ தமிழ்நாட்டின் மாநில மலர், செங்காந்தள். ஆனால் நவம்பர் 27 மாவீரர் நாளில் அதைக் குத்துவது விடுதலைப் புலிகளோடு தொடர்புபடுத்தப்படுகிறது; அந்த இயக்கம் 2001 முதல் பிரிட்டனில் தடைசெய்யப்பட்ட அமைப்பு. தடைசெய்யப்பட்ட அமைப்பின் ஆதரவாளர் என்று நியாயமான சந்தேகம் எழும்படி ஒரு பொருளைப் பொது இடத்தில் அணிவதும் காட்டுவதும் பயங்கரவாதச் சட்டப்படி குற்றம். எனவே கொடி, சின்னம் இவற்றில் ஆபத்து தெளிவாக இருக்கிறது. பூ மட்டும் என்றால் எங்கே, எதோடு சேர்த்து என்ற சூழலைப் பொறுத்தது; சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

நிறுவனத்தின் உடை விதி தனி. எந்த பேட்ஜும் கூடாது என்றால் இதுவும் கூடாது. வீட்டில் விளக்கேற்றி இறந்த பிள்ளையின் படத்துக்குப் பூ வைப்பதை எந்த மேலாளரும் கேட்க முடியாது.

நம்மாளுங்க லட்சக்கணக்கா செத்தாங்க. அவங்களை யாரும் நினைக்கலையே, நான் ஏன் இவங்க பூவைக் குத்தணும்?

கேள்வியின் முதல் பாதி உண்மை. முதல் போரில் பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து போனார்கள். சுமார் 74,000 பேர் இறந்தார்கள். இரண்டாம் போரில் இந்தியப் படை சுமார் 25 லட்சம்; இறந்தவர்கள் 87,000-க்கு மேல். இராக்கின் பஸ்ராவில் உள்ள நினைவகத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் இருந்தது. இந்தியச் சிப்பாய்களுக்கு இத்தனை பேர் என்ற எண்ணிக்கைதான். குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், பெயரோடு நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் 2021 அறிக்கை ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

அதற்காகக் குத்தாமல் இருப்பவர் உண்டு. அதற்காகவே குத்துபவரும் உண்டு: 2018-இல் லீஜியன் இந்திய வீரர்களின் நினைவாகக் கதர்த் துணியில் பாப்பி வெளியிட்டது. பூவே வேண்டாம் என்றால் இடங்கள் இருக்கின்றன. பிரைட்டன் அருகே மலைச்சரிவில் சத்ரி என்ற வெண்பளிங்கு மண்டபம், அங்கே எரியூட்டப்பட்ட 53 இந்து, சீக்கிய வீரர்களுக்காக 1921-இல் திறந்தது. பிரான்சில் நவ் ஷப்பேல் நினைவகத்தில் 4,700-க்கு மேற்பட்ட பெயர்கள். சென்னையில் நந்தம்பாக்கத்தில் மெட்ராஸ் போர்க் கல்லறை. விமான நிலையத்திலிருந்து வெகு தூரமில்லை, ஆள் நடமாட்டம்தான் இல்லை.

எங்க தமிழ்ச் சங்கம் ஊர் நினைவுத் தூணில் மலர்வளையம் வைக்கலாமா?

வைக்கலாம். ஞாயிறு நிகழ்ச்சியின் வரிசையை ஊர் கவுன்சிலோ லீஜியன் கிளையோ முன்கூட்டியே முடிவு செய்துவிடும், அதனால் செப்டம்பரிலேயே எழுதுங்கள். வளையத்தோடு ஓர் அட்டை, சங்கப் பெயர், ஒரு வரி, தமிழிலும் எழுதலாம். ஒருவர் மட்டும் போய் வைத்து, ஓர் அடி பின்வாங்கி, ஒரு கணம் நின்று திரும்ப வேண்டும். கும்பிடுவதா தலை குனிவதா என்பது அவர் விருப்பம். பேனர், குழுப் புகைப்படம் எல்லாம் நிகழ்ச்சி முடிந்த பிறகு. வரிசைக்குள் இடம் கிடைக்காவிட்டால் கூட்டம் கலைந்ததும் வைத்துவிட்டு வாருங்கள், யாரும் தடுப்பதில்லை. நடும் சிறு மரச் சின்னம் சிலுவை வடிவில் மட்டும் இல்லை. மற்ற மதத்தவருக்கும் மதம் வேண்டாம் என்பவருக்கும் லீஜியனிடம் தனித்தனியாக உண்டு.

இறந்தவரோட குடும்பத்துக்கே இந்த விருப்பம் எல்லாம் இருந்ததா?

அரைகுறையாக. 1917-இல் தொடங்கிய கல்லறை ஆணையம் ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல், உடலை ஊருக்கு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தது. பணக்காரப் பிள்ளைக்கு மட்டும் பளிங்கு மாளிகை எழக் கூடாது என்பது நோக்கம். ஆனால் மகனைச் சிலுவையின் கீழ் புதைக்க விரும்பிய தாய்மார் கொதித்தார்கள். மூன்று மகன்களை இழந்த ஃபுளோரன்ஸ் செசில் சீமாட்டி முன்நின்ற மனுவில் சுமார் 8,000 கையெழுத்துகள். 1920 மே மாதம் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது, ஆணையமே வென்றது. குடும்பத்துக்கு மிஞ்சியது கல்லின் அடியில் ஒரு வாசகம்: இடைவெளி உட்பட 66 எழுத்து, எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ். நியூசிலாந்து அரசு அதையும் வேண்டாம் என்றது, எல்லோருக்கும் சமமாக இருக்கட்டும் என்று. அந்தக் கல்லறைகளுக்குப் போனால் அடிவரிகளைப் படியுங்கள். வேதவசனத்துக்குப் பக்கத்திலேயே அடக்க முடியாத கோபமும் இருக்கும்.

தாத்தா ரெண்டாம் போர்ல மலேயா போனவர், திரும்பலை. அவர் பேரு எங்கேயாவது இருக்குமா?

படையில் இருந்தவர் என்றால் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். முழுப் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு 'இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். முத்துசாமியை அன்றைய எழுத்தர் ஐந்து விதமாக எழுதியிருப்பார். தகப்பன் பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். முதல் நான்கைந்து எழுத்து, படைப்பிரிவு, இறந்த ஆண்டு ஆகியவற்றை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஊர் அல்லது தகப்பன் பெயர் குறிப்பு இருந்தால் அதை வைத்து உறுதி செய்யலாம்.

பட்டியலில் இல்லை என்றால் சேர்க்கக் கேட்கலாம். படையில் இருந்ததற்குச் சான்று, இறந்ததற்குச் சான்று இரண்டும் வேண்டும். இறந்த தேதி முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31-க்குள்ளும், இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31-க்குள்ளும் இருக்க வேண்டும். சம்பளப் புத்தகம், ஓய்வூதியக் கடிதம், பதக்கத்தின் விளிம்பில் பொறித்த எண் எல்லாம் உதவும். பதக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், எண் அழியும்.

மலேயாத் தோட்டத்திலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதைக்கு ஜப்பானியர் பிடித்துப் போன தொழிலாளி என்றால் இந்தப் பட்டியலில் தேடுவது வீண். அவர்கள் படையினர் இல்லை என்பதால் ஆணையத்தின் கணக்கில் வரமாட்டார்கள். அந்தப் பாதையருகே காஞ்சனபுரியில் வரிசை வரிசையாக நிற்கும் கற்கள் நேச நாட்டுப் போர்க் கைதிகளுடையவை. அப்படிப் போனவருக்குத் திதி கொடுக்கும் நாளையும் இடத்தையும் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். தேதி தெரியாத பலர் ஆடி அல்லது தை அமாவாசையில் செய்கிறார்கள்.